ஏழாவது கேள்வியும் ஏழு கோமதிகளும்

போன வாரம் நீங்கள் மூன்று பேரும் மருத்துவக் கல்லூரியிலிருந்து என் வீட்டுக்கு வந்தீர்கள். காப்பி குடித்தீர்கள். பிறகு மேஜைமேல் ஒரு படிவத்தை வைத்தீர்கள். நாள்பட்ட கழுத்து வலிக்காரர்களிடம் கொடுத்து, அந்த வலி அவர்களை எந்த அளவுக்கு முடக்கியிருக்கிறது என்று அளக்கும் கேள்விப் படிவம். "ரெண்டு வாரம் இடைவெளி விட்டு ரெண்டு தடவை கொடுத்துப் பார்த்தோம் சார். ரெண்டு தடவையும் அச்சு அசலா ஒரே பதில். பிரமாதமா வந்திருக்கு" என்றீர்கள். நான் வாசித்துக்கொண்டே வந்து ஏழாவது கேள்வியில் நிறுத்தினேன். இதை யார் எழுதியது என்று கேட்டேன். நீங்கள் சொன்ன பதிலைக் கேட்டதும் படிவத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, தலைவலிக்கிறது என்று சொல்லி உங்களை அனுப்பிவிட்டேன்.

கிழவனுக்குக் கோபம் வந்துவிட்டது என்று தெருமுனையில் நின்று பேசியிருப்பீர்கள். வந்தது உண்மைதான். காரணத்தை நேரில் சொல்லப் போனால் இன்னும் கோபம் வரும் என்பதால் எழுதுகிறேன். பொறுமையாக வாசியுங்கள். நடுவில் எங்கேயாவது உங்களைத் திட்டியிருந்தால் அதையும் சேர்த்து வாசியுங்கள்.

எண்பதுகளின் நடுவில் சங்கரன்கோவிலில் ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் நான் பிசியோதெரபிஸ்டாக இருந்தேன். ஆஸ்பத்திரி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரே ஒரு நீள ஹால், நடுவில் துணித் திரை. திரைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் ஊசி போடும் இடம். கழுத்து வலிக்கு எங்களிடம் பஞ்சமே இருந்ததில்லை. தறி நெய்கிறவர்கள், மூட்டை தூக்குகிறவர்கள், எல்லோரையும்விட அதிகமாகப் பீடி சுற்றும் பெண்கள். பீடி இலைச் சுளகை மடியில் வைத்துக் காலையில் குனிந்த தலை, விளக்கு வைக்கிற நேரத்தில்தான் நிமிரும்.

அந்தச் சமயத்தில் வெளியூர் மருத்துவக் கல்லூரி ஒன்றிலிருந்து ஒரு பேராசிரியர் வந்தார். முதுகு வலிக்கென்று வெளிநாட்டில் தயாரித்த ஒரு படிவத்தை எடுத்து, முதுகு என்று இருந்த இடத்திலெல்லாம் கழுத்து என்று மாற்றி வைத்திருந்தார். பத்துக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் சுழியிலிருந்து ஐந்து வரை மதிப்பெண். எல்லாவற்றையும் கூட்டினால் அந்த ஆளின் இயலாமை எவ்வளவு என்று தெரிந்துவிடுமாம். கூட்டுத்தொகை அதிகமாக வருகிறவர்களை மாதம் ஒருமுறை வரும் வேனில் ஏற்றிக் கல்லூரிக்கு அனுப்ப வேண்டும். அங்கே நரம்பு நிபுணர் பார்ப்பார். குறைவாக வருகிறவர்களுக்கு ஓர் உடற்பயிற்சித் தாளைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்ப வேண்டும். வேனில் இருந்தது எட்டே இடம். ஆகவே அந்தக் கூட்டல் விளையாட்டுக் காரியம் இல்லை.

படிவத்தைத் தமிழில் எழுதுவதும், அது சரியாக அளக்கிறதா என்று சோதித்துச் சொல்வதும் என் தலையில் விழுந்தன. விழுந்தன என்ன, நானே ஓடிப்போய் வாங்கிக்கொண்டேன். நான் ராயகிரிக்காரன். இந்தப் பக்கத்துப் பேச்சில் எனக்குத் தெரியாதது என்ன இருக்கிறது என்ற மிதப்பு.

முதல் நாளே மானம் போயிற்று. கழுத்து வலி எவ்வளவு என்று கேட்டால், வந்த பெண்களில் பாதிப்பேர் இல்லவே இல்லை என்றார்கள்.

"பின்னே எதுக்கும்மா வந்தே?" என்று ஒருத்தியிடம் கேட்டேன்.

"பொடதி வலிக்குல்லா. கழுத்துக்கு என்ன, நல்லாத்தான் இருக்கு" என்று தொண்டையைத் தடவிக் காட்டினாள்.

அவர்களுக்குக் கழுத்து என்றால் முன்பக்கம், தாலி கிடக்கிற இடம். வலிக்கிற பின்பக்கத்துக்குப் பேர் பொடதி. எழுத்தில் பிடரி. ராயகிரிக்காரனுக்கு இது தெரியாதா? தெரியும். படிவம் என்று வந்ததும் மறந்துபோனது. கழுத்தை எடுத்துவிட்டுப் பிடரி போட்டேன். அடுத்தது கார் ஓட்டுவது பற்றிய கேள்வி. மேலநீலிதநல்லூரிலிருந்து வந்த ஒரு சம்சாரி, "காரா? ஒண்ணு வாங்கிக் குடுங்க சார், ஓட்டிப் பாத்துட்டுச் சொல்லுதேன்" என்றார், முகத்தில் சிரிப்பே இல்லாமல். காரை எடுத்துவிட்டு, பஸ்ஸில் குலுங்கிக்கொண்டு போவது என்று போட்டேன்.

அப்புறம்தான் ஏழாவது கேள்வி. உங்களால் வழக்கமான வேலைகளைச் செய்ய முடிகிறதா? இதைக் கேட்டதும் பெண்கள் சண்டைக்கு வந்தார்கள்.

"முடியாம என்ன சார்? முடியலன்னு படுத்துக்கிட்டா யாரு வந்து பொங்கிப் போடுவா?"

முடிகிறதா என்று கேட்டாலே, உனக்குத் துப்பு இருக்கிறதா என்று கேட்டதுபோல் ஆகிவிட்டது. கூட வந்திருக்கும் மாமியாரின் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, எல்லாம் முடியும் என்று சொல்லிவிடுவார்கள். இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் பொறி தட்டியது. நம் ஊரில் ஒருவரை வழியில் பார்த்தால் எப்படிக் கேட்போம்? வேலையெல்லாம் நடக்கா என்றுதானே? அதையே எழுதினேன். 'பிடரி வலி இருந்தாலும் வேலையெல்லாம் நடக்கிறதா?' எல்லாம் வழக்கம்போல் நடக்கிறது என்றால் சுழி. ஒன்றுமே நடப்பதில்லை என்றால் ஐந்து.

என்ன மாயமோ, சண்டை நின்றுபோனது. யாருக்கும் கோபம் வரவில்லை, யாரும் திணறவில்லை. கேட்ட வாய் மூடுமுன் பதில் வந்தது. சமைப்பது, தூக்குவது, துவைப்பது என்று இன்னும் மூன்று கேள்விகளையும் இதே பாணியில் மாற்றினேன். இரண்டு வாரம் கழித்து அதே ஆட்களை வரவழைத்து மறுபடி கேட்டோம். பதில்கள் இம்மி பிசகாமல் பொருந்தின. பேராசிரியர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கல்லூரியில் ஸ்டென்சில் வெட்டி, கட்டுக் கட்டாகப் படிவம் அடித்தார்கள். நான் ஒரு மாதம் தரையில் கால் பாவாமல் நடந்தேன். உங்கள் மூன்று பேர் முகத்திலும் போன வாரம் நான் பார்த்தது அதே களைதான்.

அடுத்த சுற்றில் வந்தவர்களில் கோமதி என்று ஒரு பெண். முப்பத்தைந்து வயதிருக்கும். பீடி சுற்றுகிறவள். முதல் தடவை கூட்டுத்தொகை ஆறு. உடற்பயிற்சித் தாளைக் கொடுத்து அனுப்பினோம். இரண்டு வாரம் கழித்து வந்தாள். கூட்டுத்தொகை மறுபடி ஆறு. ஒவ்வொரு கேள்விக்கும் அதே பதில். ஆனால் படிவத்தின் அடியில், முதல் தடவை கையெழுத்து இருந்த இடத்தில், இந்தத் தடவை கட்டைவிரல் ரேகை இருந்தது.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அவள் இன்னும் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தாள். கூப்பிட்டேன்.

"ஏம்மா, போன தடவை கையெழுத்துப் போட்டிருக்கு. இப்ப கைநாட்டு. அன்னைக்கு வந்தது நீதானா, இல்ல வேற ஆளா?"

"நாந்தான் சார்."

"நீதான்னா எதுக்குக் கைநாட்டு? படிச்சிருக்கியா?"

"அஞ்சு வரைக்கும்."

"கையெழுத்துப் போடத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும்."

"பின்னே?"

ஹாலில் இருந்த அத்தனை பேரும் எங்களையே பார்த்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டாள். போகும்போது வாசல்படியில் ஒரு செருப்பு கழன்று விழுந்தது. திரும்பி வந்து மாட்டிக்கொண்டு போனாள். நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டும் சும்மா இருந்தேன் என்பதை இங்கே எழுதித்தான் ஆக வேண்டும்.

ரெக்கார்டு பார்க்கும் அண்ணாச்சியின் பக்கம் என் கோபம் திரும்பியது. அவர் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். எதற்கும் அலட்டிக்கொள்ள மாட்டார்.

"ஆள் மாறிப் போச்சு அண்ணாச்சி. வேற யாரோட படிவத்தையோ இவளோடதுன்னு சேர்த்து வச்சிருக்கீங்க."

"இருக்கும் சார். நம்ம கட்டுல ஏழு கோமதி இருக்கு. ஊர் முழுக்க நம்ம கோயில் அம்மன் பேரை வச்சுக்கிட்டா நான் என்ன செய்ய?"

ஏழு கோமதிகளின் படிவங்களையும் எடுத்துப் போடச் சொன்னேன். ஒரு காலைப்பொழுது முழுக்க அதில் வீணானது. வயது, தெரு, கதவு எண், கணவன் பேர் என்று ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தோம். ஆள் மாறவே இல்லை. இரண்டும் அவள் படிவம்தான்.

அண்ணாச்சி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "மார்க்கெல்லாம் ஒண்ணாத்தான் இருக்கு சார்" என்றார். இருந்தது. நான் அப்போதுதான் முதல் படிவத்தின் கையெழுத்தை ஒழுங்காகப் பார்த்தேன். கோவும் மவும் கோட்டின்மேல் இருந்தன. தி கோட்டைவிட்டு இறங்கி, காகிதம் கிழிகிற அளவுக்கு அழுத்தி, பாதியில் நின்றிருந்தது. அது முதல் தடவையே அப்படி இருந்திருக்கிறது. இரண்டு வாரத்தில் அந்த அளவுக்குக்கூட அவளால் எழுத முடியவில்லை. ஆனால் படிவத்தைக் கேட்டால் ஒரு மாற்றமும் இல்லை, ஆறுக்கு ஆறு.

சைக்கிளை எடுத்துக்கொண்டு அன்று மதியமே அவள் தெருவுக்குப் போனேன். கோமதியும் அவள் அண்ணன் மனைவியும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். சுளகு அண்ணன் மனைவியின் மடியில் இருந்தது. கோமதி இலையை மட்டும் நீவி நீவிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கச் சுவரைப் பிடித்தாள்.

"பீடி நீங்க சுத்தலயா?" என்று கேட்டேன்.

அண்ணன் மனைவிதான் பதில் சொன்னாள். "எங்க சார் சுத்துதா? நூல் கட்ட வெரல் நிக்க மாட்டேங்கு. ஒரு மாசமா ரெண்டு வீட்டுக்கும் நாந்தான் சுத்துதேன்."

"ஒரு மாசமாவா? ரெண்டு தடவை கேட்டேனேம்மா, வேலையெல்லாம் நடக்கான்னு. நடக்குன்னுதானே சொன்னீங்க?"

"நடக்கத்தான் செய்யுது சார்" என்றாள் கோமதி. "பீடி மைனி சுத்துதா. தண்ணி எங்க வீட்டுக்காரர் எடுத்து ஊத்துதாரு. துணி அலச அடுத்த வீட்டுல ஒரு பிள்ள வருது. எல்லாம் நடக்கு. நீங்க நடக்கான்னுதான கேட்டீங்க? யாரு செய்யுதான்னு கேக்கலயே."

அவள் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொல்லியிருக்கிறோமே, இந்த மனுஷனுக்கு ஏன் புரியவில்லை என்ற குழப்பம்தான் அவள் முகத்தில் இருந்தது. நான் கேட்டது அவளைப் பற்றிய கேள்வியே இல்லை, அவள் வீட்டைப் பற்றிய கேள்வி. வீடு நன்றாகத்தான் நடந்துகொண்டிருந்தது. இரண்டு வாரம் கழித்துக் கேட்டாலும் இரண்டு வருஷம் கழித்துக் கேட்டாலும் அதே பதில்தான் வந்திருக்கும்.

"கையெழுத்துப் போட முடியலன்னு அன்னைக்கே வாயத் திறந்து சொல்லியிருக்கலாமே?"

"பேனா வெரல்ல நிக்கல சார். அத்தன பேரு முன்னால அதச் சொல்ல வெக்கமாப் போச்சு."

அதற்குமேல் அவளிடம் கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை. கையை மூடித் திறக்கச் சொன்னேன். மூடியது, திறக்க நேரமானது. உள்ளங்காலைக் கீறிப் பார்த்தேன். பெருவிரல் மேலே போனது. அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கழுத்தெலும்புக்குள் தண்டுவடம் நசுங்கிக்கொண்டிருந்தது. இன்னும் சில மாதம் விட்டிருந்தால் கையோடு காலும் போய்ப் படுக்கையில் விழுந்திருப்பாள். செருப்பு கழன்றதைப் பற்றிக் கேட்டேன். வார் லூசாகிவிட்டது என்றாள். லூசானது வார் இல்லை, காலின் பிடி. இன்னொன்றும் சொன்னாள்.

"நீங்க குடுத்த தாளப் பாத்து தெனமும் தலைய மேலயும் கீழயும் பத்துப் பத்துத் தடவ ஆட்டுதேன் சார். ஒரு நாளும் விடல."

செய்யக் கூடாத ஒன்றைச் செய்யச் சொல்லி அச்சடித்துக் கொடுத்தவன் நான். அந்த நிமிஷம் எனக்கு இருந்த வேதனையை எழுதத் தெரியவில்லை. தாளை வாங்கிக் கிழித்துப் போட்டேன்.

மறுநாள் வேன் வரும் நாள். காலையில் பேராசிரியருக்கு டிரங்கால் போட்டேன்.

"மதிப்பெண் என்ன?" என்றார்.

"ஆறு."

"ஆறா? இந்தப் படிவம் ரெண்டு தடவையும் ஒரே மாதிரி அளக்குதுன்னு நீங்கதானே எழுதிக் கொடுத்தீங்க?"

"ஆமா சார். ரெண்டு தடவையும் ஒரே மாதிரி தப்பா அளக்குது."

அவர் சிரிக்கவில்லை. எட்டு இடமும் மதிப்பெண்படி முடிவாகிவிட்டது, ஒருவருக்காக வரிசையை மாற்றினால் ஆராய்ச்சியே கெட்டுவிடும், அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார். உங்களுக்கு அவர்மேல் ஆத்திரம் வரலாம். எனக்கும் வந்தது. ஆனால் கூட்டலை நம்புங்கள் என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தவனே நான்தானே.

போனை வைத்ததும் அண்ணாச்சி மெதுவாகச் சொன்னார். "சார், நாலஞ்சு இடத்துல சுழிய அஞ்சாக்கினாப் போதும். யாருக்குத் தெரியப் போவுது? புள்ள பொழச்சுக்கிடும்."

பேனாவை எடுத்துவிட்டேன். பொய் சொல்லி அவளைக் காப்பாற்றுவதில் எனக்கு ஒரு கூச்சமும் இருக்கவில்லை. ஆனால் நான் சுழியை ஐந்தாக்கினால் அவள் வேனில் போவாள், படிவம் பிரமாதமாக அளக்கிறது என்று எல்லோரும் நினைப்பார்கள், அடுத்த கோமதி உடற்பயிற்சித் தாளோடு வீட்டுக்குப் போவாள். ஆறை ஆறாகவே விட்டேன். குறுக்கே சிவப்பு மையில், 'இந்த மதிப்பெண் தவறு. கேள்வி எழுதியவன் தவறு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். டிரைவருக்குப் பக்கத்தில் எனக்கென்று ஒரு இடம் உண்டு. அதில் அவளை ஏற்றிவிட்டு நான் பஸ்ஸில் போனேன்.

நான் போய்ச் சேரும்போது நரம்பு நிபுணர் அவளைப் பார்த்து முடித்திருந்தார். மதிப்பெண்ணைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆபரேஷனுக்கு நாள் மட்டும் குறித்திருந்தார்.

ஊருக்குத் திரும்பியதும் ஏழாவது கேள்வியை மாற்றினேன். 'வேலைகளை நீங்களே செய்கிறீர்களா, வேறு யாராவது செய்து நடக்கிறதா?' சேர்ந்தாற்போல் அந்த மூன்று கேள்விகளையும் மாற்றினேன். பழைய ஆட்களைத் தேடித் தேடிப் போய் மறுபடி கேட்டோம். கடையநல்லூர் வரைக்கும் அலைந்தோம். வசவு வாங்கினோம். எத்தனையோ வீடுகளில் வேலையை வேறு யாரோ செய்துகொண்டிருந்தார்கள்.

நாலைந்து மாதம் கழித்துக் கோமதி வந்தாள். நடையில் பழைய தள்ளாட்டம் இல்லை. செருப்பு காலில் நின்றது. புதிய படிவத்தை வைத்துக் கேட்டோம். பீடி இன்னும் மைனிதான் சுற்றுகிறாள், தண்ணீர் இன்னும் வீட்டுக்காரர்தான், சோறு மட்டும் நான் வடிக்கிறேன் என்றாள். கூட்டினால் இருபத்திரண்டு வந்தது. ஆபரேஷனுக்கு முன்னால் ஆறு, பின்னால் இருபத்திரண்டு.

அண்ணாச்சி பழக்க தோஷத்தில் மைப் பெட்டியை அவள் பக்கம் தள்ளினார். அவள் திருப்பித் தள்ளினாள்.

"பேனா குடுங்க அண்ணாச்சி."

பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கிவிட்டார்கள். அவ்வளவு நேரமானது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதுவதுபோல் பெரிது பெரிதாக மூன்று எழுத்து. தி கோட்டிலிருந்து கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது. ஆனால் முடிந்திருந்தது. எனக்குக் கண் கலங்கியது. திரைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

அவளுடைய மூன்று படிவங்களையும், மாற்றி எழுதிய கேள்விகளையும் ஒரே உறையில் போட்டுப் பேராசிரியருக்கு அனுப்பினேன். கையெழுத்துகளைப் பாருங்கள் என்று கடிதமும் வைத்தேன். அவர் டிரங்கால் போட்டார். ஆபரேஷனுக்குப் பிறகு இயலாமை ஏறியிருப்பதாகக் காட்டும் படிவத்தை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று என்னிடம் எரிந்து விழுந்தார். நான் விளக்கினேன். பார்க்கிறேன் என்றார். அந்த உறையைப் பொருந்தாதவை என்று ஒதுக்கி வைத்துவிட்டதாகப் பின்னால் கேள்விப்பட்டேன். கோமதியோடு சேர்த்து என் திருத்தமும் அதற்குள் போயிற்று. பழைய ஸ்டென்சில் மட்டும் கல்லூரியிலேயே இருந்தது.

உங்கள் படிவத்தை நீங்கள் இங்கேயே விட்டுவிட்டுப் போனீர்கள். இப்போது நிமிர்த்தி வைத்திருக்கிறேன். ஏழாவது கேள்வி: 'பிடரி வலி இருந்தாலும் வேலையெல்லாம் நடக்கிறதா?' யார் எழுதியது என்று நான் கேட்டதற்கு நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? "தெரியல சார், எங்க காலேஜ்ல ரொம்ப வருஷமா இருக்கு. ஊர்ப் பேச்சு தெரிஞ்ச யாரோ எழுதியிருக்காங்க, எவ்வளவு இயல்பா இருக்கு பாருங்க" என்றீர்கள்.

எழுதியவன் நான்தான்.